அயோடின் அறையில் அட்டை இல்லாத நாவல்

எங்கள் வீட்டில் சொம்பை வாயில் வைத்துக் குடிக்கிற பழக்கம் கிடையாது. அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொள்வதுதான். ஒரு மத்தியானம் நான் அப்படித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மனைவி வசந்தா கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"இன்னாங்க, இன்னொரு வாய் குடிங்க."

குடித்தேன்.

"கழுத்துல இன்னாமோ ஏறி எறங்குது."

"எல்லாருக்கும்தான் ஏறி எறங்கும். வேலையப் பாரு," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாயங்காலம் யாரும் பார்க்காதபோது கண்ணாடி முன்னால் நின்று நானே அண்ணாந்து முழுங்கிப் பார்த்தேன். குரல்வளைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கூடவே ஏறி இறங்கியது.

நான் சித்தூரில் பத்திரம் எழுதுகிறவன். வீடோ நிலமோ எது கை மாறினாலும் அதற்கான தஸ்தாவேஜை எழுதி, பதிவு செய்து கொடுப்பது என் பிழைப்பு. எல்லாம் தெலுங்கில்தான். நகரிப் பக்கத்தில் பத்தாவது வரை தமிழில் படித்தேன். அதன் பிறகு கற்றுக்கொண்ட தெலுங்குதான் சோறு போடுகிறது. நாள் முழுக்கப் படிக்கிற வேலை, ஆனால் அந்தப் படிப்பே ஒரு தினுசு. பத்திரத்தை எங்கள் தொழிலில் நாங்கள் யாரும் முதல் வரியிலிருந்து படிக்க மாட்டோம். நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்தும் சாட்சியும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு நிலத்தின் நாலு பக்க எல்லை. நடுவில் இருப்பதெல்லாம் அதற்கும் அப்புறம்தான். எங்கே ஓட்டை இருக்கிறது, யார் யாரை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றுதான் கண் அலையும். பள்ளிக்கூட நாளில் தொடர்கதைக்குப் பைத்தியமாக இருந்தவன் நான். எப்போது கதை படிப்பதை விட்டேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. விட்டதாகக்கூடத் தோன்றியதில்லை, நேரமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு ஊசி டெஸ்ட். கட்டிக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்கிற சோதனை அது. குத்தும்போது எறும்பு கடித்த அளவுதான் வலி, அதைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிற நேரத்துக்குத்தான். கவரைக் கிழித்ததும் வழக்கப்படி என் கண் கடைசி வரிக்குப் போனது. பாப்பில்லரி கார்சினோமா என்று இருந்தது. இந்தக் காலத்தில் கார்சினோமாவுக்கு அர்த்தம் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்?

"இன்னா போட்டுகீது?" என்றாள் வசந்தா.

"கட்டின்னு போட்டுகீது."

"கட்டின்னு தெரிஞ்சிதானே குத்தினாங்க?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டாள். 

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே காத்திருக்கும் கூடத்தில் எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலைகள். மருந்தில் முடி கொட்டினவர் யார், மலைக்குப் போய்க் காணிக்கை கொடுத்துவிட்டு வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். முதல் நாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. தைராய்டில் வருகிற கேன்சரிலேயே இதுதான் சாது, மெதுவாக நகரும், பெரும்பாலானவர்கள் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள் என்று தெலுங்கில் விளக்கினார். சாதுவோ முரடோ, அதற்கு என் கழுத்துதானா கிடைத்தது என்று எரிச்சலாக வந்தது. ஆபரேஷனில் தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்தார்கள். கழுத்தில் நெறி கட்டும் முடிச்சுகள் சிலவற்றிலும் அது பரவியிருந்ததால் அவற்றையும் எடுத்தார்கள். குரலுக்குப் போகிற நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறதாம். அதற்குக் கொஞ்சம் அடிபட்டு, என் குரல் கம்மிப்போனது. ஆபரேஷன் செலவை அரசாங்க கார்டு பார்த்துக்கொண்டது. வெளியில் எடுத்த ஸ்கேன்களுக்கு வசந்தா என்ன செய்தாள் என்பது, ஒரு நாள் அவள் காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், காது புண்ணாக இருக்கிறது என்றாள்.

அடுத்தது அயோடின் வைத்தியம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். தைராய்டு செல்கள் உடம்பில் எங்கே இருந்தாலும் அயோடினை இழுத்துக்கொள்ளும். கேன்சராக மாறின தைராய்டு செல்லும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் கதிரியக்கம் ஏற்றின அயோடினைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அது தேடிப் போய், மிச்சமிருக்கிற செல்களை உள்ளேயே சுட்டு அழிக்கும். அதற்கு முன்னால் செல்களைப் பட்டினி போட வேண்டும். அயோடின் உப்பு, பால், முட்டை, மீன் எதுவும் கூடாது. தைராய்டு மாத்திரையும் நிறுத்திவிடுவார்கள். முகம் ஊதி, குளிர் எடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே சலிப்பாக இருந்த வாரங்கள் அவை. வசந்தா அயோடின் சேர்க்காத உப்பைத் தேடி வாங்கிவந்து சமைத்தாள். பால் விட்ட டீ குடிக்காமல் அவளால் ஒரு காலை இருக்க முடியாது. அந்த வாரங்களில் அவளும் என்னோடு கருப்புக் காப்பிதான் குடித்தாள்.

கதிர் மருந்தைக் குடித்த பிறகு, குடித்தவனே மற்றவர்களுக்கு ஆபத்து. அவன் வேர்வையில், எச்சிலில், மூத்திரத்தில் எல்லாம் கதிர் இருக்கும். அதனால் சுவரில் ஈயம் வைத்த தனி அறையில் பூட்டிவைக்கிறார்கள். பார்க்க யாரும் வர முடியாது. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு ஆள் விலகிப்போன பிறகு நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கொண்டுபோன எதையும் வெளியே கொண்டுவர முடியாமல் போகலாம் என்பதால் செல்போனை மகளிடமே கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், ஆபரேஷனுக்கு வந்த மாதிரியே இதற்கும் லீவு போட்டு வந்திருந்தாள். "நைனா, இது போனா போவட்டும்," என்று பழைய பட்டன் போன் ஒன்றைப் பாலிதீன் கவரில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கிரிதர் என்கிற டெக்னீஷியன் ஈயக் குடுவையில் மருந்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அறையின் மறு கோடிக்குப் போய் நின்றுகொண்டார். உறிஞ்சுகுழாயால் குடிக்கச் சொன்னார். வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. குடித்து முடித்ததும், "நீள்ளு பாகா தாகண்டி," என்று தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டு, நல்ல மனுஷன், கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.  என் பக்கத்தில் வந்தாலே கெடுதல் என்று ஆகிவிட்ட ஒரு ஆளாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் உட்கார்ந்திருந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

ஜன்னலைத் திறக்க முடியாது. கண்ணாடி வழியாக வண்டிகள் நிறுத்துகிற இடமும், அதற்குப் பின்னால் மலையும் தெரியும். மலைப்பாதையில் பஸ்கள் ஏறிக்கொண்டே இருந்தன. வசந்தா கீழ்த் தளத்தில் ஒரு பெஞ்சில் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பாள், பொழுது சாய்ந்ததும் சத்திரத்துக்குப் போவாள். உள்ளேதான் விடமாட்டார்களே, ஊருக்குப் போ என்றால் கேட்கவில்லை. போன் பண்ணினால் எங்களுக்குப் பேச இரண்டே விஷயம்தான்.

"துன்னீங்களா?"

"துன்னேன். நீ?"

"துன்னேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசினது எல்லாமே வேலைக்கு நடுவில், சமையலுக்கு நடுவில், மகளுக்கு நடுவில்தான். நடுவில் எதுவும் இல்லாமல் பேசச் சொன்னால் எங்களுக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு முன்னைவிட அதிகமாகத் தனியாக இருப்பேன்.

அறையில் ஒரு அலமாரி இருந்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் விட்டுப்போன சாமான்கள்: தெலுங்கு சுலோகப் புத்தகங்கள், ஒரு சீட்டுக்கட்டு, அட்டை இல்லாத ஒரு தடித் தமிழ்ப் புத்தகம். தலைப்புப் பக்கமும் போய்விட்டதால் பெயரும் தெரியவில்லை, எழுதினது யார் என்றும் தெரியவில்லை. தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கையில் எடுத்தேன். எடுத்ததும் என்ன செய்திருப்பேன்? கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கோமதி என்கிற பெண் நிற்கிறாள், ரயில் ஏறி ஒரு ஆள் போய்விடுகிறான். சரி, போய்விட்டான், விவகாரம் தீர்ந்தது என்று மூடி வைத்தேன்.

ஆனால் சுவரை எவ்வளவு நேரம் பார்ப்பது? மறுபடி எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். தமிழ் படித்து வெகு காலமானதால் வாய்க்குள் முணுமுணுத்துத்தான் படிக்க வந்தது. ஒரு ரயில் ஜங்ஷனில் கோமதி டீக்கடை வைத்திருக்கிறாள், புருஷன் செத்துப்போனவள். ரயிலைத் தவறவிட்ட ஒரு ஆள் அங்கே வந்து உட்காருகிறான். கடை வடக்குப் பார்த்தது என்று ஆரம்பத்தில் எழுதியிருந்தது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் கடை வாசலில் நேராகக் காலை வெயில் விழுகிறது. எனக்கு ஒரே குஷி. எல்லையே தப்பாக எழுதியிருக்கிறானே, இவன் கதையை எப்படி நம்புவது என்று நகத்தால் அந்த வரியைக் கீறி வைத்தேன். அன்று முழுக்க அப்படித்தான் ஓட்டை தேடிக்கொண்டே படித்தேன். அந்த வந்த ஆளையும் சந்தேகப்பட்டேன். எதையோ எழுதி வாங்கத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது.

பிறகு ஒரு இடம் வந்தது. மழையில் நனைந்து வந்தவனுக்குக் கோமதி தன் புருஷனின் பழைய சட்டையைக் கொடுக்கிறாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு எதிரே முதுகைக் காட்டி உட்காருகிறான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிடுகிறாள். அவன் திரும்புகிறான். அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கிடந்தேன். அதன் பிறகு கடை எந்தப் பக்கம் பார்த்தது என்பதெல்லாம் மறந்துவிட்டது. எச்சில் சுரப்பி கெடாமலிருக்கப் புளிப்பு மிட்டாய் சப்பச் சொல்லியிருந்தார்கள். மிட்டாய் கரைந்துபோனது தெரியவில்லை. அவன் கடைசியில் போய்விடுவான் என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே, இருந்தும் அவன் போய்விடக் கூடாது என்று பக்கத்துக்குப் பக்கம் வேண்டிக்கொண்டேன். வயிற்றுப் பிழைப்புக்கு இல்லாமல், யாரும் கேட்காமல், எனக்காகப் படித்தேன். அந்த சந்தோஷத்தை நான் எவ்வளவு காலமாக மறந்திருந்தேன் என்று நினைத்தபோது என் மேலேயே பரிதாபமாக இருந்தது.

கதவை யாரோ இடித்தார்கள். கிரிதர் வெளியே நின்று கத்தினார்.

"ஏமண்டி, போன் எந்துக்கு எத்தட்லேது? கிந்த மீ ஆவிட ஏடுஸ்தோந்தி!"

ஏன் போனை எடுக்கவில்லை, கீழே உங்கள் மனைவி அழுகிறாள் என்றார். பாலிதீன் கவருக்குள் போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கூப்பிட்டேன்.

"எத்தினி தபா அடிச்சேன்! இன்னாமோ ஆயிடுச்சின்னு மாடி ஏறி ஓடியாந்தேன். உள்ள உடமாட்டேன்றாங்க. கதவாண்ட நின்னுகினு கத்தினேன், அதுவும் கேக்கல உங்களுக்கு."

"படிச்சிகினு இருந்தேன்."

"இன்னா, அங்கயும் பத்திரமா?"

"இல்ல. கதை."

 போனை வைத்துவிட்டாள். அவள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து என் உயிரை எண்ணிக்கொண்டிருக்க, நான் இன்னொருத்தியின் டீக்கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம்தான், கட்டி தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நான் பயப்படாமல் இருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் கூப்பிட்டாள். துன்னீங்களா என்று கேட்கவில்லை.

"இன்னா கதை அது?"

வசந்தா சத்தியவேட்டுப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. கம்மின குரலில் நான் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். சட்டை கொடுத்த இடம் வந்தபோது, "அய்யோ, அந்தச் சட்டைய ஏன் குடுத்தா?" என்றாள். அப்புறம், "அந்த ஆள் ஊரு பேரு எதுனா சொன்னானா? சொல்லாம குந்திகினு கீறவன நம்பக் கூடாது," என்றாள். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினவள் அல்லவா, அவளும் ஓட்டை தேடினாள். நான் சிரித்தேன். தொண்டை வலித்தது, இருந்தும் சிரித்தேன்.

அதிலிருந்து மத்தியானம் படிப்பேன், சாயங்காலம் சொல்வேன். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதால் மெதுவாகப் படித்தேன், விட்ட வரிகளுக்குத் திரும்பிப் போனேன். சில சமயம் அவள், "இருங்க, இருங்க, பக்கத்துல ஒரு அம்மா கேக்குது, மறுபடி சொல்லுங்க," என்பாள். கோமதியைத் திட்டுவாள், பிறகு அவள் பக்கமே பேசுவாள். நான் மேலே, அவள் கீழே. நடுவில் எத்தனை படி இருந்ததோ, அந்த நேரத்தில் ஒன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை. போனை வைத்ததும் அறை மறுபடி அறையாகிவிடும், அது வேறு விஷயம்.

கதிர் அளவு இறங்கிவிட்டது, போகலாம் என்று கிரிதர் வந்து சொன்னபோது நான் பாதியைத்தான் தாண்டியிருந்தேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கதிர் அளக்கிற மீட்டரை அதன் கிட்டே காட்டினார், அது கிரீச்சிட்டது. என் விரல் பட்ட பக்கமெல்லாம் கதிர். வேண்டுமானால் கட்டிவைத்து, அடங்கினதும் தருகிறேன் என்றார். அலமாரியைப் பார்த்தேன். அடுத்து வருகிறவர் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருந்தால்? அவருக்கும் கதிர்தானே, பயமில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். பெயர் தெரியாத புத்தகத்தை வெளியே எந்தக் கடையில் கேட்டு வாங்குவது என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது மகள் அனுப்புகிற வேறு நாவல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

வெளியே விடுவதற்கு முன் உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். குடித்த அயோடின் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அதில் தெரியும். உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருந்தால் அங்கே நோய் இருக்கிறது என்று அர்த்தம். அன்று மத்தியானம் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் தள்ளித் தள்ளி உட்காரவைத்துச் சொன்னார். கழுத்தில் கொஞ்சம் இருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். வலது நுரையீரலிலும் ஒரு இடம் தெரிகிறது. பயப்பட வேண்டாம், அயோடினை இழுக்கிறது என்றால் அயோடினுக்கு அடங்கும் என்று அர்த்தம். ஆறு மாசம் கழித்து இன்னொரு டோஸ் கொடுக்க வேண்டும், மறுபடி அந்த அறை.

மறுபடி அந்த அறை என்றதும் என் மனசு முதலில் எங்கே போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மீதிக் கதை அங்கே இருக்கிறது என்று நினைத்தது. அதற்குப் பிறகுதான் நுரையீரல் என்கிற சொல் காதில் ஏறியது. 

இன்னும் கொஞ்ச நாள் யாரையும் நெருங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள், பஸ்ஸில் போகக் கூடாது. கார் வைத்துக்கொண்டோம். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் வசந்தா, பின்னால் வலது மூலையில் நான். சந்திரகிரி தாண்டியது. காணிப்பாக்கம் திரும்புகிற இடமும் தாண்டியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பின்னாலிருந்தே தெரிந்தது. எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் போல் இருந்தது. என்னிடம் வேறு என்ன இருந்தது?

"வசந்தா, அந்தக் கதையோட முடிவு எனக்குத் தெரியும். சொல்லட்டா?"

அவள் திரும்பவில்லை.

"வேணாம். மறுபடியும் உள்ள போவணும் இல்ல? நடுவுல கீறத எல்லாம் ஒன்னு உடாம படிங்க. படிச்சிட்டு வெளிய வந்து, என் பக்கத்துல குந்திகினு சொல்லுங்க. அது வரைக்கும் எனக்கு ஒன்னும் சொல்லாதீங்க."

கார் சித்தூருக்குள் நுழைந்தது. அவள் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. எட்டினால் தொடலாம், ஆனால் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.